சேகரித்தவர் என்ற இடத்தில் யார் பெயர்?

(சேலத்தில் இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விட்டுப்போன சில விவரங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



காலனிகளில் இரவுப் பாடசாலை நடத்துகிற தோழர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் காடு, கரடு, ஏரி என்று வெளியே அழைத்துப்போய் செடிகொடிகளையும் பறவை விலங்குகளையும் படிக்க வைக்க நினைக்கிறோம், எப்படிச் செய்வது என்று. நான் தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன். நான்கு ஆண்டுகளாக மாதம் இரண்டு ஞாயிறு, கஞ்சமலை அடிவாரத்திலும் இராசிபுரம் பக்கம் போதமலை அடிவாரத்திலும் பத்திருபது பிள்ளைகளோடு நடந்துகொண்டிருக்கிறேன். அந்த நடையில் பார்த்ததைத்தான் இங்கே பேசப்போகிறேன். எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால், செய்யத்தான் வேண்டுமா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அதிலிருந்து தொடங்குகிறேன்.

"பையன் ஆடு ஓட்டிக்கிட்டுக் கரட்டுக்குப் போகக்கூடாதுன்னுதானுங்க பள்ளிக்கூடம் அனுப்புறோம். நீங்க மறுபடியும் கரட்டுக்கே கூட்டிட்டுப் போறேங்கறீங்களே" என்றார் அவர்.

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். சேலம் நகரத்துத் தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள், ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ இயற்கை முகாம் என்றால் பணம் கட்டி அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் காடு என்பது விடுமுறை. இந்தத் தாய்க்குக் காடு என்பது தலையில் விறகுச் சுமை, காலில் முள், அடுத்தவர் வீட்டு ஆடு, வனக்காவலரின் அதட்டல். படிப்பு என்பது அதிலிருந்து வெளியேறும் கதவு. கிராமத்தைப் புனிதமாக்கிப் பேசிய பேச்சுகளை 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எவ்வளவு கடுமையாக மறுத்தார் என்று நமக்குத் தெரியும். அதே காரணத்துக்காகத்தான் 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' என்று யாராவது உருகிப் பேசினால் எனக்குச் சந்தேகம் வருகிறது. யாருடைய முதுகு இயைந்தது என்று கேட்கத் தோன்றும்.

அந்தத் தாயிடம் நான் சொன்ன பதில் இது: அவன் ஆட்டுக்குப் பின்னால் போகப்போவதில்லை, நோட்டுப் புத்தகத்தோடு போகிறான். கரடு அதேதான், அவன் அங்கே என்னவாகப் போகிறான் என்பது மாறுகிறது. அவர் முழுக்க நம்பவில்லை. "சரி, ஒரு வாரம் போய்ப் பாக்கட்டும்" என்றார். அந்த 'என்னவாகப் போகிறான்' என்பதைப் பற்றித்தான் இன்றைய என் பேச்சு முழுவதும்.

ஆவாரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து எந்தக் கரட்டுச் சரிவிலும், எந்தச் சாலையோரத்திலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் வேண்டும். இப்போது சர்க்கரை நோய்க்கு ஆவாரம்பூ டீ என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். ஒருநாள் கஞ்சமலைப் பக்கம் நடக்கும்போது கூட வந்த ஆசிரியர் ஒருவர் இதையெல்லாம் அழகாகச் சொல்லி முடித்தார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மெதுவாக, "பட்டைதான் சார் முக்கியம். விரல் மொத்தத்துக்கு மேல இருக்கணும். ஊறப்போட்டா தண்ணி செவந்துரும்" என்றான்.

அவன் சொன்னது சரி. ஆவாரம்பட்டையில் டானின் அதிகம். டானின் தோலிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தோடு பிணைந்துகொள்ளும்; அதன் பிறகு தோல் அழுகாது, நீரில் கரையாது, செருப்பாகும், பையாகும், கமலை இறைக்கும் பறியாகும். தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் ஆவாரம்பட்டையில்தான் நின்றது. பின்னால் வாட்டில் பட்டை வந்தது, குரோமிய உப்பு வந்தது. மலையிலிருந்து வந்த கடுக்காயும் இதே வேலைக்குத்தான். கொங்கு நாட்டின் கிணற்றுப் பாசனம் முழுவதும் ஒரு காலத்தில் இந்தப் பட்டையில் ஊறிய தோலைக்கொண்டு இறைக்கப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை. அந்தப் பறியைத் தைத்தவர் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ள முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது கவனியுங்கள். அந்த ஆசிரியர் நல்லவர். பையன் சொன்னதைக் கேட்டு மகிழ்ந்துபோய், "அட, உனக்கு எப்படிடா தெரியும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பையன் வாயை மூடிக்கொண்டான். அன்று முழுவதும் பேசவில்லை.

பறவை பார்க்கப் போகிற இடங்களில் எல்லாம் சாதாரணமாகக் கேட்கப்படுகிற கேள்விதான் இது. அப்பா வங்கியில் வேலை செய்கிற பிள்ளையிடம் கேட்டால் "யூடியூபில் பார்த்தேன்" என்று சொல்லும். நம் பிள்ளையிடம் கேட்டால் அது சாதி விசாரணை. எலி வளை தெரிந்த பிள்ளை, தேன் அடை தெரிந்த பிள்ளை, தோல் பட்டை தெரிந்த பிள்ளை, எப்படித் தெரியும் என்பதற்கு உண்மையான பதில் சொன்னால் அது தன் தெருவின் பெயரைச் சொன்னதாகிவிடும். அந்தப் பையனுக்கு ஆவாரைக்கு இன்னொரு பெயரும் தெரியும்: தங்கேடு. வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும். என் வீட்டிலும் அதே சொல்தான். ஆனால் பள்ளிக்கூடத்து வாசலில் அந்தச் சொல்லைச் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போவோம்.

எனவே நடைக்கு வருகிற எல்லாத் தன்னார்வலர்களுக்கும் என்னுடைய முதல் விதி: எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். 'இன்னும் என்ன தெரியும்' என்று கேளுங்கள். பட்டையை எப்படி உரிப்பது, எத்தனை நாள் ஊற வேண்டும், பூக்கிற காலத்தில் பட்டை எப்படியிருக்கும் என்று செடியைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளை தானாக வீட்டைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்தப் பையன் சொல்லித்தான் ஆவாரம்பட்டை ஊறலை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, அதில் இரும்பாணி ஒன்றைப் போட்டு வைத்தோம். கறுப்பாகிவிட்டது. டானினும் இரும்பும் சேர்ந்தால் வருகிற கறுப்பு அது. பழைய காலத்து மை இப்படித்தான் செய்தார்கள். அந்த மையைத் தொட்டு எழுதிப் பார்த்தான். எழுத்து கொஞ்சம் திட்டுத் திட்டாகத்தான் வந்தது.

இனி, தலைப்பில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன்.

தாவரவியல் படிக்கிறவர்கள் ஹெர்பேரியம் தாள் என்று ஒன்று தயாரிப்போம். செடியின் பூவும் காயும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாள்களுக்கு இடையில் வைத்து அழுத்தி, காயவைத்து, ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள தடித்த தாளில் தைத்து ஒட்டுவோம். வலது கீழ் மூலையில் ஒரு சீட்டு. அதில் செடியின் பெயர், குடும்பம், இடம், தேதி, குறிப்பு. கடைசியில் ஆங்கிலத்தில் 'கலெக்டர்' என்று இருக்கும். சேகரித்தவர். நூறு ஆண்டு கழித்தும் ஓர் ஆய்வாளர் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பார், அந்தப் பெயரைத் தன் கட்டுரையில் குறிப்பிடுவார். சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை ஆகிய மலைகளின் தாவரங்களை அறிய இன்றும் நாங்கள் எடுத்துப் பார்ப்பது திருச்சி தூய வளனார் கல்லூரி ராபினாட் ஹெர்பேரியத்தின் அருட்தந்தை கே.எம். மேத்யூ 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட 'ஃப்ளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்நாடிக்' தொகுதிகளைத்தான். பெரும் உழைப்பு. அதை மதித்துத்தான் சொல்கிறேன்: எந்த மலைக்குப் போனாலும் முன்னால் ஒருவர் வழி காட்டிக்கொண்டு நடப்பார், இது இன்ன செடி, இந்த மாதம் காய்க்கும் என்று சொல்வார், மரம் ஏறிக் கிளை ஒடித்துக் கொடுப்பார். எங்கள் துறையின் சீட்டில் அவருக்கென்று ஒரு வரி கிடையாது.

இருக்க முடியாது என்பதில்லை. மலபாரில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்கள். அதன் முதல் தொகுதியில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் சான்று, 1675ஆம் ஆண்டுத் தேதியிட்டு, அவர் கையெழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. தன் பரம்பரை அறிவைச் சொல்லி எழுதவைத்ததாக அவரே சொல்கிறார். உடன் உழைத்த ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிப் பிராமணர்களின் சான்றும் தனியாக இருக்கிறது. கோயில் தெருவில் நடக்க முடியாத சாதியைச் சேர்ந்த ஒருவரின் பெயர், பின்னாளில் லின்னேயஸ் புரட்டிப் படித்த புத்தகத்தில் ஏறியது. வான் ரீடு காலனியாதிக்கவாதி, அவர் நோக்கம் வணிகம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனாலும் முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஒரு காலனியாதிக்கவாதி விட்டுவைத்த ஒரு வரியை, சுதந்திர இந்தியாவின் எத்தனை ஆய்வேடுகள் விட்டுவைத்திருக்கின்றன?

இருளர் கதை நமக்குப் பக்கத்தில் நடந்தது. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்ட பின், 1978 இல் செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை அவர்கள் எடுத்துக் கொடுத்து, அதிலிருந்து முறிமருந்து தயாராகிறது. நம் ஊர் அரசு மருத்துவமனையில் பாம்பு கடித்து வருகிற உழவருக்கு ஏற்றப்படுவது அந்த வகை மருந்துதான். 2017 இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மலைப்பாம்புகள் பெருகிப் பிற உயிர்களைத் தின்று தீர்த்தபோது, மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே அழைக்கப்பட்டு, ஒரு மாதத்துக்குள் இருபத்தேழு பாம்புகளைப் பிடித்தார்கள். 2023 இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. மகிழ்ச்சி. ஆனால் பத்மஸ்ரீ பட்டியலில் ஏறுகிற பெயர், பாம்பு பற்றிய ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் எப்போது ஏறும்? 'உள்ளூர் உதவியாளர்', 'வழிகாட்டி' என்ற சொற்களுக்குள்ளே எத்தனை பேர் புதைந்திருக்கிறார்கள்?

இதனால்தான் எங்கள் நடையில் பிள்ளைகளே தாள் தயாரிக்கிறார்கள். சீட்டைத் தமிழில் அச்சடித்திருக்கிறோம். சேகரித்தவர் என்ற வரியில் பிள்ளையின் முழுப்பெயர். முதல் நாள் 'கலெக்டர்' என்ற சொல்லை விளக்கியபோது பெரிய சிரிப்பு. "அப்ப நானும் கலெக்டரா சார்?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்தார் என்று ஏற்காட்டு வரலாறு எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தச் செடிக்குக் குழி வெட்டியவர்கள் பெயரை எழுதவில்லை. நீங்கள் வெட்டியவர் பெயரையும் எழுதுகிற கலெக்டராக இருங்கள் என்றேன். சேகரித்தவர் வரிக்குக் கீழே 'பெயரும் பயனும் சொன்னவர்' என்று இன்னொரு வரி சேர்த்திருக்கிறோம். அதில் பாட்டிகளின் பெயர்கள் வந்துகொண்டிருக்கின்றன. சில பாட்டிகளின் பெயர் இதற்கு முன் ரேஷன் அட்டையிலும் நூறு நாள் வேலை அட்டையிலும் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கும்.

இதுவரை நூற்றுப்பத்துத் தாள்கள் சேர்ந்திருக்கின்றன. உசில், வெள்வேல், கிளுவை, நுணா, காரை, சூரை, பிரண்டை, துத்தி, குப்பைமேனி எல்லாம். ஒன்றும் அரிய செடியில்லை. அரிய செடியைப் பறிக்கவே கூடாது என்பதும் ஒரு விதி.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இயற்கையில் சாதி கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் பறவைப் புத்தகத்தைத் திறந்தால் மாட்டிக்கொள்வீர்கள். நாமக்கல்லில் கோழிப்பண்ணைக் கழிவு கொட்டுகிற இடத்தில் வட்டமிடுகிற பழுப்புப் பருந்தைப் பார்த்திருப்பீர்கள், கரும்பருந்து. மேட்டூர் நீர்த்தேக்கம் போன்ற நீர்நிலைகளின் மேலே வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலுமாகப் பறப்பது செம்பருந்து. அதைத்தான் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஆங்கிலேயர் வைத்த பெயர் என்ன? செம்பருந்து 'பிராமினி கைட்'. கரும்பருந்து 'பறையா கைட்'. சலீம் அலியின் நூலிலும் இந்தப் பெயர்கள்தான். இரண்டும் நெருங்கிய உறவுப் பறவைகள். இரண்டும் செத்ததைத் தின்னும். செம்பருந்து செத்த மீனையும் நண்டையும் பொறுக்கும். வெள்ளையாகவும் சிவப்பாகவும் இருப்பதற்கு ஒரு சாதி, கறுப்பாக, ஊருக்குள்ளே குப்பைமேட்டில் இருப்பதற்கு ஒரு சாதி. தெருநாய்க்கும் அதே பெயரை வைத்தார்கள். இன்றைய பறவைப் பட்டியல்களில் கரும்பருந்து 'பிளாக் கைட்' ஆகிவிட்டது. 'பிராமினி' மட்டும் பருந்திலும் மைனாவிலும் அப்படியே இருக்கிறது. இழிவுப் பெயரை எடுத்துவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. உயர்வுப் பெயர் எதற்கு உயர்வு என்று யாரும் கேட்கவில்லை.

இது ஆங்கிலத்தின் கோளாறு மட்டுமில்லை. நம் பக்கத்தில் பட்டாம்பூச்சிக்குப் பெயர் பாப்பாத்தி. வேறு பக்கங்களில் வண்ணாத்திப்பூச்சி. குண்டுகரிச்சானுக்கு வண்ணாத்திக்குருவி என்று பெயர் உண்டு. இவற்றை என்ன செய்வது என்று தோழர்கள் கேட்கிறீர்கள். நான் அழிக்கச் சொல்லமாட்டேன். நோட்டில் எழுதுங்கள், எந்த ஊரில் யார் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள், ஏன் இந்தப் பெயர் வந்திருக்கும் என்று பேசுங்கள். பேச்சில் எந்தப் பெயரைப் புழங்குவது என்பதைப் பிள்ளைகள் கூடி முடிவெடுக்கட்டும். பெயரை மாற்ற முடியாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி: 2024 ஜூலையில் மாட்ரிட் நகரில் கூடிய உலகத் தாவரவியலாளர்கள், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் 'கஃப்ரா' என்ற அடைமொழியை 200க்கும் மேற்பட்ட இனங்களின் அறிவியல் பெயர்களில் 'அஃப்ரா' என்று திருத்த வாக்களித்தார்கள். லத்தீன் பெயரே மாறுகிறபோது மற்றது மாறாதா?

அடுத்தது சாப்பாடு. இதைப் பேசாமல் விலங்குகளைப் பற்றிப் பேச முடியாது. கடலைக் காட்டில் எலி வளை பார்த்தால் உள்ளே எலி இருக்கிறதா இல்லையா என்று வாசலில் குவிந்த மண்ணின் ஈரத்தைத் தொட்டுச் சொல்லிவிடுகிற பிள்ளைகள் நம்மிடம் உண்டு. பின்வாசல் எங்கே இருக்கும், கடலையை எந்த அறையில் சேர்த்து வைத்திருக்கும் என்று தரையில் கோடு போட்டுக் காட்டுவார்கள். ஒரு விலங்கியல் மாணவருக்கு அந்த வரைபடம் பொக்கிஷம். ஆனால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும், கூட நிற்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியும். யாராவது ஒருவர் "ச்சீ" என்றால் அன்றோடு அந்தப் பிள்ளை நின்றுவிடும். அந்த "ச்சீ"யைத் தன்னார்வலர் சிரித்து மழுப்பக்கூடாது; அங்கேயே, அந்த வரப்பிலேயே நிறுத்திப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

உடும்பு விஷயம் வேறு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. இதைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாவம், புண்ணியம் என்று சொல்லாதீர்கள். உடும்பு ஏன் குறைந்தது, எண்ணெய்க்கும் தோலுக்கும் யார் விலை கொடுத்தார்கள், வழக்கு யார் மேல் வருகிறது என்று சொல்லுங்கள். சட்டம் தெரியாமல் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நம் தெருக்காரர்கள்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1991 இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க உத்தரவிட்டது. 2001 முதல் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை. காகிதத்தில் நல்ல திட்டம். நான் படித்த பள்ளியில் பசுமைப் படை என்றால் காம்பவுண்டு ஓரம் புல் பிடுங்குவது, தொட்டியிலிருந்து தண்ணீர் தூக்குவது. அது எப்போதும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விழும். தொப்பி போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றவர்கள் வேறு தெரு. 2022 இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காக ஒரு தலைமை ஆசிரியை கைதானார். கழிப்பறை என்றால் வழக்காகிறது. செடிக்குத் தண்ணீர் என்றால் 'இயற்கை ஆர்வம்' ஆகிவிடுகிறது. ஆகவே, உங்கள் நடையில் சுமை தூக்குவது, குப்பை பொறுக்குவது எல்லாம் முறை வைத்து, தன்னார்வலரிலிருந்து தொடங்கட்டும்.

வழி என்பதும் எளிதில்லை. கஞ்சமலை, போதமலை எல்லாம் காப்புக்காடு. 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். வனச்சரக அலுவலரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் ஏரிக்கரை, புறம்போக்கு, ஓடைக்கரை போதும். உண்மையில் ஒரு சீமைக்கருவேலம் புதரில் ஓர் ஆண்டு படிக்க விஷயம் இருக்கிறது. ஊர்க்கோயில் காட்டுக்குள் போகும்போது மட்டும் ஊர் நிலவரத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் நடையிலிருந்து காணாமல் போகிறார்கள். வீட்டாரைக் குறை சொல்லி ஆவதில்லை. நாம் இருப்பது எந்த நிலம்? ஓமலூரைச் சேர்ந்த, பொறியியல் படித்த இளைஞர் கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று உடன் படித்த தோழியோடு திருச்செங்கோடு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டு, மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஒரு மலையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசியதற்கு நேர்ந்தது அது. திருச்செங்கோட்டுப் பாறை இடுக்குகளில் அருமையான கள்ளி வகைகள் இருக்கின்றன. பிள்ளைகளோடு அங்கே போகும்போதெல்லாம் எனக்கு மண்ணைவிட ஆட்களைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. ஆணும் பெண்ணுமாக, பல தெருப் பிள்ளைகள் கலந்து போகிற குழுவுக்குக் குறைந்தது இரண்டு பெண் தன்னார்வலர்கள் வேண்டும். உள்ளூர்ப் பஞ்சாயத்துக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, பள்ளியில் சாதி காட்டும் கைக்கயிறு வேண்டாம் என்கிறது. எங்கள் நடையிலும் அதே விதி. இதற்காக இரண்டு பிள்ளைகள் வராமல் நின்றார்கள். நிற்கட்டும்.

"இதப் படிச்சா என்ன வேலைங்க கெடைக்கும்?" இதுவும் அந்தத் தாய் கேட்டதுதான். வேலைக்கு உத்தரவாதம் என்று பொய் சொல்லமாட்டேன். ஒருவரைப் பற்றிச் சொன்னேன். தலைச்சேரியில் தீயர் குடும்பத்தில் 1897 இல் பிறந்த ஜானகி அம்மாள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்று, நமக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்தார். பிறகு லண்டன் போனார். 1945 இல் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் நூலின் அட்டையில் அவர் பெயர் ஆசிரியர் பெயராக இருக்கிறது. முதுமையில் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல் கொடுத்தார், பழங்குடிகளின் தாவர அறிவைத் தொகுத்தார். அந்தத் தாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தம்மாவுக்கு ஊர்ல வூடு இருந்துச்சுங்களா, காடு இருந்துச்சுங்களா" என்றார். இருந்தது, வசதியான குடும்பம்தான், அப்பா நீதிபதி. "அதான் பாருங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சாதியோடு நிலத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று அவர் எனக்கு நினைவூட்டினார். பையனை மட்டும் நிறுத்தவில்லை. இப்போது எட்டாம் வகுப்பு, பத்தொன்பது தாள்களில் அவன் பெயர் இருக்கிறது.

தாள்களை எங்கே பத்திரப்படுத்துவது என்பதுதான் இப்போதைய சிக்கல். ஓட்டு வீட்டு இரவுப் பாடசாலையில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது, பூச்சி அரிக்கிறது. இரும்பு பீரோ ஒன்றும் கொஞ்சம் பாச்சை உருண்டையும் இருந்தால் போதும். யார் வீட்டிலாவது பழைய பீரோ இருந்தால் சொல்லுங்கள். அடுத்த நடை வருகிற ஞாயிறு, காலை ஆறரை மணிக்கு. பழைய செய்தித்தாள் ஆளுக்கு இரண்டு கிலோ வேண்டும். பளபளப்புத் தாள் வேண்டாம், அது ஈரம் உறிஞ்சாது. சோறு எல்லோரும் கொண்டு வாருங்கள், ஒரே விரிப்பில் வைத்துச் சாப்பிடுகிறோம்.